அடங்கட்டும், அப்புறம் எடுக்கலாம்

எங்கள் மருத்துவமனையின் ஈசிஜி அறையில் முன்பு ஒரு மர நாற்காலி இருந்தது. மூச்சிரைக்க வருகிறவர்களை முதலில் அதில்தான் உட்கார வைப்பார்கள். ஃபேனை வேகமாக வைப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வரும். "கொஞ்ச நேரம் உக்காருங்க. படபடப்பு அடங்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பார் எங்கள் டெக்னீஷியன் அக்கா. பார்க்கிறவர்களுக்கு, ஆஹா, என்ன அன்பு என்று தோன்றும். அந்த அன்பினால் எத்தனை பேருடைய வியாதி என் கையில் சிக்காமலே தப்பித்துப் போயிற்றோ, கணக்கே கிடையாது.

நான் இதயத்தின் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டர். மாரடைப்பு டாக்டர் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். என் வேலையைச் சொன்னால் புரியாது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இன்னமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஓ, பெரிய ஆபரேஷன் எல்லாம் உங்களுக்குக் குடுக்க மாட்டாங்களா?" என்று பரிதாபமாகக் கேட்கிறார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு மெட்ரோவைப் பிடிக்கப் போய்விடுவேன்.

ஈசிஜி என்பது சில விநாடிகளின் பதிவு. அவ்வளவுதான். அந்த விநாடிகளில் இதயம் எப்படித் துடித்ததோ அதைக் காகிதத்தில் காட்டும். முந்தா நாள் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. நான் பார்க்கிற கோளாறுகளில் பாதி, விருந்தாளி மாதிரி வந்து போகிறவை. வந்திருக்கும்போது எடுத்தால்தான் உண்டு. திருடன் போன பிறகு வீட்டைப் படம் எடுத்தால் வீடு நன்றாகத்தான் தெரியும்.

அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, நான் சேர்வதற்கு முன்பிருந்தே அந்த அறையில் வேலை செய்கிறவர். அந்தக் காலத்து மெஷினில், நோயாளி கொஞ்சம் நடுங்கினாலும் கோடு முழுக்கக் கிறுக்கலாகிவிடும். பெரிய டாக்டர்கள் காகிதத்தை முகத்தில் எறியாத குறையாகத் திட்டுவார்களாம். அதனால் ஈசிஜி சுத்தமாக வர வேண்டும் என்பது அவருக்கு ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கும் அதே எண்ணம்தான். தலை வாரிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது போல, ஈசிஜி 'நல்லா வரணும்' என்று சாமி கும்பிட்டுக்கொண்டு படுப்பார்கள். நல்லா வந்துவிட்டால் எனக்குத்தான் திண்டாட்டம் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பெண் முதல் தடவை வந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பை நிறைய ரிப்போர்ட்டுகள் இருந்தன. ஜீவனஹள்ளிக்காரி. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். கூடவே கணவர், கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், விரல்களில் நீலம் போகாமல் ஒட்டியிருந்தது. ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் நார்மல். வாயுத் தொல்லைக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை, ஒரு சீட்டில் 'மனப் பதற்றம்' என்று எழுதி அடிக்கோடு வேறு.

"டென்ஷன் பார்ட்டி மேடம் இவ. சும்னே எதுனா யோசிச்சிக்கினே இருப்பா," என்றார் கணவர்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

"எப்படிம்மா ஆரம்பிக்கும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"டக்குனு மேடம். குனிஞ்சி எதுனா எடுப்பேன், அவ்ளோதான். சுவிட்ச் போட்ட மாதிரி பிச்சிக்கும். இங்க, கழுத்துல, தவள குதிக்கிற மாதிரி குதிக்கும்."

"நிக்கறது?"

"அதும் டக்குனுதான். சுவிட்ச் ஆஃப்."

எனக்கு அதற்கு மேல் அதிகம் தேவைப்படவில்லை. பயத்தில் அடிக்கிற நெஞ்சு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். சுவிட்ச் போட்டு வருகிற பதற்றத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இவளுக்கு இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதையில் ஒரு குறுக்குவழி இருக்க வேண்டும். பிறவியிலேயே சிலருக்கு அப்படி அமைந்துவிடும். என்றைக்காவது மின்சாரம் அதில் புகுந்து வட்டம் போட ஆரம்பித்தால் இதயம் தறிகெட்டு ஓடும். வட்டம் அறுந்ததும் நின்றுவிடும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ஏனென்றால் அடுத்த கேள்விக்கு அவள் சொன்ன பதில் அப்படி.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல் வேன் ஓட்றேன் மேடம்."

என் பேனா நின்றது. ஓட்டும்போது வந்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் கணவர் பக்கம் திரும்பி, "நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றாள். அவரும் மறுபேச்சில்லாமல் போனார். கதவு மூடிய பிறகு சொன்னாள்.

"ரெண்டு மூணு வாட்டி வந்துகீது. ஓரங்கட்டிடுவேன் மேடம். பசங்களுக்குத் தெரியாது. கூட வர ஆயாம்மாகிட்ட கூட, இஞ்சின் சூடாயிடுச்சின்னு சொல்லிடுவேன். ஒருவாட்டி மட்டும் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. ரயில்வே கேட்டாண்ட. நல்லவேள, கேட்டு மூடி வண்டி நின்னுக்கினு இருந்துச்சி."

கேட் திறந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிகிச்சை முடிகிறவரை வேனைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது என் வேன் மேடம். லோன் போட்டு நான் வாங்கினது. பசங்க அம்மாங்க என்னிய நம்பித்தான் அனுப்புறாங்கோ. நான் நிறுத்தினா வேற வண்டி பாத்துக்கினு போய்டுவாங்கோ."

"நம்பி அனுப்பறாங்க இல்ல, அதுக்குத்தான் சொல்றேன்," என்றேன். என் குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.  அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வேனைக் கொஞ்ச நாள் கொழுந்தனாரிடம் கொடுக்கிறேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். பசங்க அவன் வண்டியில் ஏறவே மாட்டார்கள், அவன் பாட்டுப் போட மாட்டான் என்று ஒரு புகாரையும் சேர்த்துச் சொன்னாள்.

சிகிச்சை இருக்கிறது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் அனுப்பி, அந்தக் குறுக்குவழியைச் சூடுவைத்து அடைத்துவிடலாம். ஆனால் அவள் வரப்போவது அரசின் இலவச மருத்துவத் திட்டத்தில். காகிதத்தில் இல்லாத வியாதிக்கு அங்கே அனுமதி கிடைக்காது. 'நோயாளி சொல்வதை நான் நம்புகிறேன்' என்று எழுதினால் சிரிப்பார்கள். ஒரே ஒரு ஈசிஜி வேண்டும். படபடப்பு இருக்கும்போது எடுத்தது.

ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டிக்கொண்டு போகிற மெஷினைக் கொடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் இதயம் பரம சாதுவாக இருந்தது. கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிற ஐடி பையன்கள் ஆளுக்கு ஒன்று கட்டிக்கொண்டு, தினமும் ஈசிஜி எடுத்து, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் இல்லை. இவளும் என் பேச்சைக் கேட்டு சிவாஜிநகரில் மலிவாக ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த முறை வந்தபோது அதைக் கழற்றி என் மேஜை மேல் வைத்தாள்.

"இத்த கயட்டி ஸ்டியரிங்ல மாட்டினேன் மேடம். ஸ்டியரிங்குக்கும் எழுபத்தெட்டு காமிக்குது."

இருவருமே சிரித்துவிட்டோம். சரி, படபடப்பு வந்ததும் ஆட்டோ பிடித்து நேராக இங்கே வந்துவிடுங்கள் என்றேன். வந்தாள். ஈசிஜி நார்மல். சில வாரம் கழித்து இன்னொரு தடவை வந்தாள். அப்போதும் நார்மல்.

அந்த இரண்டாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு நானே ஈசிஜி அறைக்குப் போனேன். அவள் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்த உடனே எடுத்தீங்களாக்கா?"

"அதெப்படி மேடம், பாவம், எப்படி மூச்சு வாங்கிக்கிட்டு வந்துச்சு தெரியுமா? உக்கார வச்சேன். ஜில்லுன்னு தண்ணி குடுத்தேன். நல்லா அடங்கினப்புறம் எடுத்தேன். பாருங்க, எவ்வளவு நீட்டா வந்திருக்கு."

நான் கத்தினேன். நோயாளிகள் முன்னால் கத்தக்கூடாதுதான். ஆனாலும் கத்தினேன். அடங்கின பிறகு எடுக்கிறதுக்கு ஈசிஜி எதற்கு, ஜாதகமே பார்க்கலாமே என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். குளிர்ந்த தண்ணீர் இந்த வகைப் படபடப்பைச் சில நேரம் நிறுத்தியே விடும். நாற்காலியைத் தூக்கி வெளியே வராந்தாவில் போடச் சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அவங்கள திட்டாதீங்க மேடம். நான் வரும்போதே நிறுத்திட்டுத்தான் வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். முதல் தடவையும் அப்படித்தானாம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கீழே பாத்ரூமுக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இறுக்கி முக்குவாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வாள். பல வருஷமாக அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்த வழி. படபடப்பு நின்ற பிறகுதான் அக்காவிடம் வருவாள். மிச்சம் இருந்தது மாடி ஏறின மூச்சிரைப்பும் பயமும்தான்.

"ஏம்மா?"

"ஈசிஜில கோளாறுன்னு வந்துட்டா லைசென்ஸு ரெனிவல் பண்ணும்போது டாக்டர் சர்ட்டிபிகேட்டு தர மாட்டாங்களாம். வேன் ஸ்டாண்டுல சொன்னாங்கோ. வியாதி தீரணும் மேடம். ஆனா பேப்பர்ல வரக்கூடாது."

அவள் வியாதியை மறைக்கிறாள். அக்கா அதற்கு ஃபேன் போடுகிறார். நடுவில் நான் ஒருத்தி, நார்மல் நார்மல் என்று அச்சடித்த காகிதங்களை வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன். நாற்காலி வராந்தாவுக்குப் போய்விட்டதால் படுக்கை மேலேயே உட்கார்ந்தாள்.

"பேப்பர்ல வந்தாத்தான் தீர்க்க முடியும். தீர்ந்துபோனா, தீர்ந்துடுச்சுன்னு நானே எழுதித் தரேன். அடுத்த தடவை நிறுத்தாதீங்க. முக்காதீங்க, தண்ணி குடிக்காதீங்க. எப்படி ஓடுதோ அப்படியே எங்கிட்ட கொண்டுட்டு வாங்க."

"வழியில எதுனா ஆயிடுச்சின்னா?"

"உக்காந்திருக்கும்போது பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. மயக்கம் வர மாதிரி இருந்தா மட்டும் நிறுத்திடுங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அக்கா அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "மேடம், ஈசிஜி" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

அது ஒரு வேலை நாள், காலை புறநோயாளிகள் நேரம். வராந்தாவில் சத்தம் கேட்டது. அக்காவின் குரல்: "வழி விடுங்க, வழி விடுங்க." எட்டிப் பார்த்தேன். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அதில் அந்தப் பெண். பின்னால் பெயின்ட் விரல்களோடு கணவர். அக்கா வாய் திறந்து ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. படுக்க வைத்தார், ஒயர்களை ஒட்டினார், பட்டனை அழுத்தினார். நான் உள்ளே நுழையும்போது காகிதம் வந்துகொண்டிருந்தது.

நல்ல ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஒரு சின்ன மேடு, பிறகு உயரமான ஊசி, பிறகு ஒரு வட்ட மேடு வரும். இதில் சின்ன மேட்டைக் காணவே காணோம். ஊசிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சம இடைவெளியில், நிமிஷத்துக்கு இருநூறை நெருங்கிய வேகத்தில் நின்றன. ஒவ்வொரு ஊசியின் கடைசியிலும் ஒரு குட்டி முடிச்சு. தொலைந்துபோன மேடு அதுதான். வட்டத்தில் மாட்டி, பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் நினைத்த குறுக்குவழியேதான். அவ்வளவு அழகான காகிதத்தை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. அவள் வேதனையில் கிடக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் தொழிலின் லட்சணம் அப்படி.

"வந்துடுச்சா மேடம் பேப்பர்ல?" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

"வந்துடுச்சு. இப்ப நிறுத்திடலாம்."

முதலில் முக்கச் சொன்னேன். அன்றைக்கென்று அது கேட்கவில்லை. ஊசி போட வேண்டியதாயிற்று. அந்த மருந்தைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொல்வதில்லை. "சில செகண்டு நெஞ்சை அழுத்தும். செத்துப் போற மாதிரி இருக்கும். சாக மாட்டீங்க. என் முகத்தையே பாருங்க," என்றேன். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதை நான் தடுக்கவில்லை. மருந்து உள்ளே போனது. காகிதத்தில் ஊசிகள் தடுமாறின, பிறகு வெறும் கோடு. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் அந்த வெறும் கோடு ஓடும்போது மனதுக்குள் விநாடிகளை எண்ணுவேன். பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. சின்ன மேடு, ஊசி, வட்ட மேடு.

அவளுக்குக் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. அன்றைக்கு வந்த கதையைப் பிறகு சொன்னாள். வீட்டில் குனிந்து துணி அலசும்போது வந்திருக்கிறது. ரயில்வே கேட் மூடியிருந்து ஆட்டோ நகரவில்லை. மடியில் தண்ணீர் பாட்டில். கணவரும் ஆட்டோக்காரரும் மாறி மாறிக் குடி, குடி என்கிறார்கள். ஒரு மடக்கு குடித்தால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். மூடியைத் திறக்கவே இல்லை. பார்க்கிற எனக்கே கை வலிக்கிற மாதிரி அந்தப் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக் காட்டினாள்.

திட்டத்தில் அனுமதி வந்தது. சிகிச்சை அன்று அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். இதற்கு மயக்க மருந்து தேவையில்லை. சுட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு கடுகு தள்ளி, இதயத்தின் முக்கியமான மின்பாதை இருக்கிறது. கை தவறினால் அது அறுந்துபோகும், வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், வேன் ஓட்டுகிற சர்ட்டிபிகேட் கனவாகிவிடும். இதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் சுட்டு, நிறுத்தி, திரையைப் பார்த்து, மறுபடி சுட்டேன். பிறகு மருந்து கொடுத்து, நானே அவள் இதயத்தை வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். எப்படி உசுப்பினாலும் அந்த ஓட்டம் வரவில்லை. சொன்ன சொல்லுக்கு ஏற்ப சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வருமா என்று கேட்டாள். நூற்றுக்கு நூறு வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வந்தால் தெரியாமல் போகாது என்றேன்.

அவள் வேன் மறுபடி ஓடியது. கொழுந்தனாரிடமிருந்து பிள்ளைகள் தப்பித்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். முகம் செத்துப் போயிருந்தது.

"திரும்பி வந்துடுச்சி மேடம். வண்டில."

 நேராக அவளை ஈசிஜி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா ஒரு விநாடி தாமதிக்காமல் எடுத்தார். சின்ன மேடு, ஊசி, வட்ட மேடு. நார்மல். அவள் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கசப்பாகச் சிரித்தாள். "பாருங்க, பழையபடி நார்மல். இன்னிமே இத்தயே வச்சிக்கினு ஊரெல்லாம் சுத்தணும்."

வண்டி சாவியைப் படுக்கை மேல் வைத்தாள். கொழுந்தனாரிடமே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"என்ன பண்ணிட்டிருக்கும்போது வந்துச்சு?"

"கடைசி ஸ்டாப்பு மேடம். ஒரு குட்டிப் பொண்ணு, எல்கேஜி. ஆயாம்மா கைய உதறிட்டு ரோட்டுக்கு அந்தாண்ட நின்ன அவங்கம்மாகிட்ட ஓடிடுச்சி. தண்ணி டேங்கர் வந்துக்கினு இருக்குது. நான் சீட்டுலேந்து குதிச்சி ஓடிப்போய்த் தூக்கிட்டேன். அதோட பிச்சிக்கிச்சி நெஞ்சு."

"எப்படி நின்னுச்சு?"

"கொழந்தைய அவங்கம்மாகிட்ட குடுத்தேன். அவங்க அழுறாங்கோ. நான் வந்து வண்டில உக்காந்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா..." பேச்சு அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள். "டக்குனு நிக்கல," என்றாள்.

"ஓடினா யாருக்கும் அடிக்கும்மா. எனக்கும் அடிக்கும், அக்காவுக்கும் அடிக்கும். டேங்கரைப் பாத்தா இன்னும் வேகமா அடிக்கும். இது உங்க நெஞ்சு நல்லா இருக்கறதனால அடிச்சது."

அவள் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என் பெரிய பொண்ணு பொறந்ததுலேந்து நான் ஓடினதே இல்ல மேடம். எங்க வந்துடுமோன்னு பயம். பஸ்ஸு போனா போவட்டும்னு நின்னுடுவேன். என் பொண்ணு கீழ விழுந்தப்ப கூட நடந்துதான் போனேன். இன்னிக்கு ஓடினேன். ஓடும்போது பயப்படணும்னு ஞாபகமே வரல."

 அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.